நிலாவாரைப் பொடியில் இனம் காணும் வழி

மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலாவாரை இலை, சந்தைக்கு இரண்டு பெயர்களில் வருகிறது. ஒன்று தென் தமிழ்நாட்டில் விளையும் திருநெல்வேலி சென்னா. மற்றொன்று அலெக்சாண்ட்ரியா சென்னா. சூடானில் விளைந்து, எகிப்தின் அலெக்சாண்ட்ரியா துறைமுகம் வழியே கப்பலேறியதால் அந்தப் பெயர் வந்தது.

முழு இலையாக இருந்தால் பழகிய கண் பிரித்துவிடும். திருநெல்வேலி இலை சற்று நீளம். மஞ்சள் கலந்த பச்சை. அலெக்சாண்ட்ரியா இலை சாம்பல் கலந்த பச்சை. இடித்துப் பொடியாக்கிவிட்டால் நுண்ணோக்கிதான் துணை.

ஒரு சிட்டிகைப் பொடியைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் இட்டுச் சூடாக்கினால் பச்சையம் நீங்கி, இலைத்துணுக்கு கண்ணாடிபோல் தெளியும். மேல்தோலில் இலைத்துளைகள் தெரியும். ஒவ்வொன்றின் இரு பக்கமும் துளைக்கு இணையாக இரண்டு துணைச் செல்கள். ஊடே, ஒரே செல்லாலான, சுவர் தடித்த மயிர்கள். அவற்றின் மேல் சிறு மருக்கள். இவை இரண்டு சென்னாவிலும் உண்டு. அலெக்சாண்ட்ரியாவில் மயிர் சற்று நெருக்கம், அவ்வளவுதான்.

தெளிவான வேறுபாடு எண்ணிக்கையில் கிடைக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை துளைகள் என்று எண்ணினால் கணக்கு நிற்காது; இலை வளர வளரச் செல்கள் பெருத்து, துளைகள் விலகிப்போகும். 1927-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சாலிஸ்பரி வேறொரு கணக்கைத் தந்தார். மேல்தோல் செல்களையும் துளைகளையும் சேர்த்து எண்ணி, அந்த மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை துளைகள் என்று பார்ப்பது. செல் பெருத்தாலும் இந்த விகிதம் அதிகம் மாறாது. இதுவே இலைத்துளைக் குறியீட்டு எண். அலெக்சாண்ட்ரியாவுக்கு இது சுமார் 11 முதல் 13 வரை. திருநெல்வேலிக்கு 17 முதல் 20 வரை. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

சற்றுப் பெரிய இலைத்துண்டு கிடைத்தால் நரம்புகளும் உதவும். நுண்ணிய நரம்புகள் வலைபோல் பின்னி, நடுவே சிறு கட்டங்களை அடைக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் இந்தக் கட்டங்கள் அலெக்சாண்ட்ரியா இலையில் சராசரியாக 26, திருநெல்வேலி இலையில் 21. கலப்படமாகச் சேரும் நாய்ச் சென்னாவையோ எண்ணவே வேண்டாம். அதன் கீழ்த்தோல் செல்கள் குமிழ்போல் புடைத்திருப்பதே காட்டிக்கொடுக்கும்.

இன்றைய வகைப்பாட்டாளர் பலர் திருநெல்வேலி, அலெக்சாண்ட்ரியா இரண்டையும் சென்னா அலெக்சாண்ட்ரினா என்ற ஒரே இனத்தில் சேர்த்துவிட்டனர். ஆனாலும் பொடி எந்த வகை என்று அறிய, இலைத்துளை எண்ணும் முறையை மருந்தியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.