அறிவிப்பவர் யார்?



சுவாமிமலை என்றதும், மகன் தந்தையின் காதில் மந்திரப் பொருளை ஓதிய வரலாற்றை நம் ஊர் மக்கள் நினைவுகூர்வார்கள். ஆம், சில சொற்கள் காதோடு சொல்ல வேண்டியவை. வேறு சில, தெருவில் நின்று சொல்ல வேண்டியவை. காதோடு கேட்டதைக் கூரைமீது நின்று அறிவிக்கும்படி நம் ஆண்டவர் சீடர்களைப் பணித்தார் (மத்தேயு 10:27).

'அறிவித்தல்' என்ற சொல்லைச் சற்றுக் கவனிப்போம். பார்ப்பவர் கண்டால்தான் நாம் காண்பித்தோம் என்று பொருள். அதுபோல, கேட்பவர் அறிந்தால்தான் நாம் அறிவித்தோம். சத்தம் போடுவது அறிவிப்பு ஆகாது. மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது என்று யாரோ கைப்பேசியில் பரப்பிய வதந்தியை நம்பி ஒரு குத்தகை விவசாயி நாற்று விட்டால், கருகுவது அவருடைய நாற்றங்கால், பரப்பியவருடையது அல்ல. பரப்புதல் வேறு, அறிவித்தல் வேறு. அறிவிப்பவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார்.

முன்பெல்லாம் ஊர்ச் செய்திகளைத் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். செய்தி எல்லா வீட்டுக்குள்ளும் போயிற்று. பறையடித்துச் சொன்னவரோ திண்ணையில்கூட உட்கார முடியவில்லை. அவர் வாயிலிருந்து வந்த செய்தி வேண்டும், அவர் வேண்டாம்! 2022 ஆகஸ்ட் மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா வழக்கத்தைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். பறை இழிவானதல்ல; அது நம் மண்ணின் இசை. பிறப்பைக் காட்டி ஒருவர் தோளில் அதைச் சுமத்தியதே இழிவு.

பெத்லகேமில் மீட்பர் பிறந்த செய்தியை வானதூதர் அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை. இரவில் கிடை காத்த இடையர்களிடம் சொன்னார். அவர்களே போய்க் குழந்தையைக் கண்டு, பிறருக்கு அறிவித்தார்கள் (லூக்கா 2). கடவுள் செய்தியை மட்டுமல்ல, அதைச் சுமந்தவர்களையும் உயர்த்தினார்.

ஆகவே இந்த வாரம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நாம் அனுப்பும் செய்தி உண்மைதானா? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், கைப்பேசி இல்லாத கூலித் தொழிலாளிக்கும் அது போய்ச் சேர்ந்ததா? செய்தி கொண்டு வருபவரை வாசலிலேயே நிறுத்துகிறோமா, உள்ளே அழைத்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கிறோமா? அவரை வாசலில் நிறுத்திவிட்டு நற்செய்தியை மட்டும் நாம் வீட்டுக்குள் வரவேற்க முடியாது.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.