குடவோலையும் காசநோயும்

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

மேடையேறும் நம்மவர் எவரும் புள்ளிவிவரம் இல்லாமல் பேசுவதில்லை. "நூற்றுக்கு இத்தனை பேர்" என்று தொடங்கினால் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது, கையொலியும் எழுகிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, யாரை எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள் என்று எழுந்து கேட்டவர் உண்டா? நானறிந்த வரையில் இல்லை. கேட்டிருந்தால் என்னைப் போன்ற பேச்சாளர் சிலர் பாதிப் பேச்சிலேயே மேடையை விட்டு இறங்கியிருப்போம்! ஆகவே இன்று, கையொலிக்காக அல்லாமல் உயிர் காப்பதற்காக எடுக்கப்பட்ட ஒரு கணக்கின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது கடல் கடந்த கதையன்று. நம் சென்னையில், சேத்துப்பட்டில் நடந்தது.

தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் 'சானடோரியம்' என்ற நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள். காசநோயாளருக்கென 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே அமைத்த மருத்துவ இல்லந்தான் அந்தப் பெயருக்குக் காரணம். எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய அந்நோய்க்கு, நல்ல காற்று, நீண்ட ஓய்வு, பால், முட்டை, இறைச்சி ஆகியவையே மருந்து என்று உலகமே நம்பிய காலம் அது. நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அதன் பொருள் என்ன? காற்று நுழையாத குடிசையில், கஞ்சி குடித்து, கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில் இருப்பவனுக்கு நோய் வந்தால் அவன் பிழைக்க வழியில்லை என்பதுதானே? காணியை விற்றுச் சானடோரியம் போனவனும் உண்டு. விற்கக் காணியில்லாமல் திண்ணையிலேயே இருமி மாய்ந்தவனும் உண்டு.

பின்னர் மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952இல் ஐசோனியாசிட். இங்கேதான் கேள்வி பிறந்தது. மருந்து ஒன்றே போதுமானால், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாகாதா? நாட்டிலிருந்த நோயாளிகள் இலட்சக்கணக்கில். படுக்கைகளோ அவர்களில் ஒரு சிறு பங்கினருக்கும் போதா. 1955 முதல் 1958 வரை நடந்த மாதிரிக் கணக்கெடுப்பு மற்றொன்றையும் காட்டிற்று. காசநோய் பட்டணத்துப் பிணி என்றிருந்தோம். பட்டிதொட்டிகளிலும் அது ஏறக்குறைய அதே அளவில் இருந்தது! அத்தனை பேருக்கும் எங்கே கட்டுவது மருத்துவமனை?

எளிய வழி ஒன்று உண்டே, சானடோரியத்தில் தேறியவர் எத்தனை பேர், வீட்டில் தேறியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் தீர்ந்தது என்பீர்கள். தீராது, தோழர்களே! சானடோரியத்துக்குப் போகிறவர் யார்? வசதி படைத்தவர், அல்லது பிழைப்பார் என்று மருத்துவர் கருதி அனுப்பியவர். வீட்டில் கிடப்பவர் யார்? கைவிடப்பட்டவர். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் நாம் அளப்பது காற்றையும் பாலையுமா, பணத்தையா? சண்டைக்கு முன்பே ஒருவன் கையைக் கட்டிவிட்டு மற்றவனுக்கு வெற்றி மாலை சூட்டுவதல்லவா அது!

இதற்கு விடை நம் உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது என்றால் வியப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். (நிலமுள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று, அந்தக் குறையை வேறொரு நாள் பேசுவோம்.) எடுக்கிறவனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பதே அதன் உயிர். இதே நெறியை மருத்துவத்துக்குள் உறுதியாக நிலைநாட்டியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர். தாமே காசநோயால் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அவர் வகுத்த முறைப்படி 1948இல் வெளியான ஆய்வில் 107 நோயாளிகள். யாருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது. ஆறு திங்களில் மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர் 4; பெறாத 52 பேரில் 14.

அந்த உறைதான் சென்னைக்கு வந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இணைந்து ஒரு நிலையம் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். எல்லாருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. சீட்டின்படி ஒரு பாதியினர் சானடோரியத்துக்கு. மறு பாதியினர் தம் நெரிசலான வீட்டுக்கே. வீட்டிலிருந்தவர் உண்மையிலேயே மாத்திரை விழுங்கினாரா என்று பார்க்க, சொல்லாமல் போய்ச் சிறுநீரைச் சோதித்தார்கள்; மாத்திரையை எண்ணினார்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கணக்கெழுதவில்லை.

ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர், சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. "ஆறு குறைகிறதே!" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி. இறுதிக் கணக்கில் பிரிவுக்கு ஏறத்தாழ 80 பேர். ஆகவே அந்த ஆறு என்பது ஏறக்குறைய ஐந்து ஆட்கள். வேறுபாடே இல்லாத இரு கூட்டங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தாலும் ஐந்து ஆள் இப்படி அப்படி விழுவது இயல்பு. எவ்வளவு வேறுபாடு தற்செயலால் வரக்கூடும் என்று முன்னரே கணித்து வைத்திருப்பதே புள்ளியியலின் வேலை. சானடோரியத்தார் நன்றாக உண்டார்கள், எடையும் கூடினார்கள். ஆயினும் குணமடைவதில் அதற்கேற்ற மேன்மை காணவில்லை.

எல்லாரும் அஞ்சியது வேறொன்று: வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றுமே! குடும்பத்தாரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்தார்கள். வீட்டில் மருந்துண்டவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்றவேண்டிய தீங்கு பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே தொற்றிவிட்டிருந்தது. 1962இல் நாடு தழுவிய காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது இந்தக் கணக்கின் துணையால்தான்.

கணக்கு எப்போதும் நாம் விரும்பியதையே சொல்லுமா? சொல்லாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பெருஞ்சோதனை தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். யாருக்கு ஊசிமருந்து, யாருக்கு வெறும் நீர்மம் என்பது ஊசி போட்டவருக்கே தெரியாது. 1979இல் முடிவு வந்தது: நுரையீரல் காசநோயைத் தடுத்ததற்குச் சான்றில்லை! நாடெங்கும் அரசே பரப்பிய ஊசி அது. ஆயினும் மறைக்காமல் அச்சிட்டார்கள். குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளைக்காய்ச்சல் வகையிலிருந்து காக்கிறது என்பதால் இன்றும் பச்சிளங்குழந்தைக்கு அதைப் போடுகிறோம். செங்கல்பட்டுக் கணக்கை அறிந்தே போடுகிறோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இளந்தோழர் ஒருவர் எழுந்தார். "ஐயா, உங்கள் தாயாருக்கு நோயென்றால் சீட்டுக் குலுக்க விடுவீர்களா?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. எனக்கும் உடனே நா எழவில்லை.

எது நல்லது என்று எவருக்குமே தெரியாத இடத்தில், இரு பக்கமும் மருந்து உண்டு என்ற நிலையில், நோய் முற்றினால் சிகிச்சையை மாற்றுவோம் என்ற ஏற்பாட்டோடு, சென்னையில் செய்தது போலென்றால் விடுவேன் என்றேன். தெரிந்த பிறகு செய்தால் அது கொலைக்கு ஒப்பு. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில், மேகநோய் கொண்ட 399 கறுப்பின ஆடவரை 1932 முதல் வேடிக்கை பார்த்துக் குறிப்பெழுதினார்கள். பென்சிலின் வந்து, அதுவே தக்க மருந்தென்று ஊரறிந்த பின்னும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களுடைய நோயின் பெயரையே அவர்களிடம் சொல்லவில்லை. 1972இல் செய்தித்தாள் அம்பலப்படுத்திய பிறகே அது நின்றது. அங்கே சீட்டுக்கூடக் குலுக்கவில்லை, தோழர்களே. நிறத்தைப் பார்த்தே எடுத்தார்கள்.