இருவரும் இராமாவுக்குத் திரும்பினார்கள்



இன்று நாம் சிந்திப்பது சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரம். எப்ராயிம் மலைநாட்டிலிருந்து ஆண்டுதோறும் சீலோவுக்குத் திருப்பயணம் வருகிற ஒரு குடும்பம். கணவர் எல்கானா. அவருக்கு இரண்டு மனைவியர். பெனின்னாவுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாவுக்கு இல்லை. பலி விருந்தில் பங்கு பிரிக்கும்போதெல்லாம் பெனின்னா குத்திக்காட்டுவாள். அன்னா சாப்பிடாமல் அழுவாள். நம் ஊரில் வளைகாப்பு வீட்டிலும் ஞானஸ்நான விருந்திலும் நடப்பதும் இதுதான். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், இலை முன் உட்கார்ந்தவளுக்குச் சோறு இறங்காது.

இந்த அதிகாரத்தில் என்னை எப்போதும் உறுத்துகிறவர் குரு ஏலி. ஆண்டவரின் இல்லத்து வாசலில் இருக்கை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அன்னா மனத்துக்குள்ளேயே மன்றாடுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளைக் கடிந்துகொள்கிறார் ஏலி. எத்தனையோ ஆண்டுகள் பலிபீடத்தில் பணி செய்த குரு, கண்முன் நிற்கும் பெண்ணின் துயரத்தைப் போதை என்று எண்ணிவிட்டார்.

நானும் அப்படி ஒரு தவறு செய்திருக்கிறேன். வேறொரு பங்கில் நடந்தது. அவர்களுடைய சம்மதத்தோடு, ஆளும் ஊரும் தெரியாதபடி சொல்கிறேன். புதன்தோறும் சகாய அன்னை நவநாளுக்கு ஒரு பெண் வருவார். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. நான் தலைமேல் கைவைத்துச் செபிப்பேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போகச் சொன்னேன், போனார். தொட்டில் கட்டச் சொன்னேன், கட்டினார். இப்படியே நான்கு ஆண்டுகள். ஒருநாள் ஏதோ நினைவில், "டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று கேட்டேன். "எனக்கு எல்லாம் பார்த்தாச்சு ஃபாதர். ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. அவர்தான் ஒரு டெஸ்டுக்கும் வரமாட்டேங்கிறார்" என்றார்.

அந்தக் கணவர் ஞாயிறுதோறும் கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பார். எத்தனையோ முறை கைகுலுக்கியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக நோன்பு, நடைபயணம், நவநாள் என்று எல்லாவற்றையும் மனைவியின் தலையிலேயே ஏற்றியிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எல்கானாவுக்கு பெனின்னா வழியாகப் பிள்ளைகள் இருந்ததால் அவரிடம் குறை இல்லை என்று ஊருக்கே தெரியும். நம் வீடுகளில் அப்படி எதுவும் தெரியாது. இருந்தும் விரல் மனைவியை நோக்கித்தான் நீளுகிறது. மருத்துவம் சொல்வது வேறு. குழந்தைப்பேறு தடைபடும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். சிலரிடம் மனைவியின் காரணத்தோடு சேர்ந்து வருகிறது. மனைவிக்கு ஊசி, ஸ்கேன், குழாய்ப் பரிசோதனை என்று உடலை வருத்தும் சோதனைகள் பல. கணவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு விந்துப் பரிசோதனை மட்டுமே. செலவும் குறைவு, வலியும் இல்லை. மாதிரி எடுக்கும் முறை குறித்து மனச்சாட்சியில் தயக்கம் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் தனியே கேளுங்கள். திருமண உறவின் வழியாகவே எடுக்கவும் முறை உண்டு.

இதையெல்லாம் மறையுரையில் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். திருவிவிலியம் சுளிக்கவில்லை. சீலோவில் அன்னா மன்றாடி முடித்தாள். மறுநாள் விடியலில் வழிபட்டுவிட்டு இருவரும் இராமாவிலிருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே கணவனும் மனைவியும் கூடினார்கள். ஆண்டவர் அவளை நினைவுகூர்ந்தார். சாமுவேல் வானத்திலிருந்து இறங்கவில்லை. அருள் இயற்கையைத் தள்ளிவைக்காது, அதன் வழியாகவே வேலை செய்யும் என்று புனித தோமா அக்குவினாசின் பெயரால் குருமடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்ட பிறகுதான்.

இயற்கையை அறிய உதவும் ஒரு முறை நம் திருச்சபையின் திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலேயே கற்றுத்தரப்படுகிறது. பில்லிங்ஸ் முறை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1953இல் ஒரு குரு, ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவரை அணுகி, தம் தம்பதியருக்கு உதவக் கேட்டார். அங்கிருந்து தொடங்கிய ஆய்வு அது. பின்னர் அவருடைய மனைவி எவ்லின், அவரும் மருத்துவர், உடன் சேர்ந்தார். அந்தக் குரு செய்ததைத்தான் நான் செய்யத் தவறினேன். இந்த முறை பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட மட்டும்தான் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். பிள்ளைக்காக ஏங்குவோருக்கும் அதே அறிவுதான் வழிகாட்டி.

முட்டை வெளிவந்தபின் ஒரு நாளுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. உயிரணுவோ பெண்ணின் உடலில் 5 நாள் வரை காத்திருக்கும். ஆகவே ஒரு மாதச் சுற்றில் கருத்தரிக்கக்கூடிய நாள்கள் ஏறத்தாழ 6 மட்டுமே. "14ஆம் நாள்" என்று மனப்பாடமாகச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பாகத்தான் முட்டை வெளிவரும். 35 நாள் சுற்று உள்ளவருக்கு அது 21ஆம் நாளையொட்டி வரும். நாள்காட்டியைவிட உடலே நல்ல சாட்சி. அந்த நாள்களில் கசிவு முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நூல்போல் நீளும். பல பெண்கள் அதை வெள்ளைப்படும் நோய் என்று பயப்படுகிறார்கள். அரிப்போ கெட்ட வாடையோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி அது நல்ல அறிகுறி. அந்த நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது கணவன் மனைவி சேர்ந்திருக்கட்டும். அப்போது பார்த்து மாலை போட்டு விரதம் என்று பிரிந்திருக்க வேண்டாம். இறைவேண்டலுக்காகப் பிரிந்திருப்பதானாலும் இருவரும் ஒத்துக்கொண்டு, சிறிது காலம் மட்டுமே என்று தூய பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கணவர்களையும் நினைக்கிறேன். திருமணமாகி 5 ஆண்டு என்று ஊர் கணக்குப் போடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பு என்றால், அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது உண்மையில் சில மாதங்கள்தான். அந்த மனைவியை மாமியார் வீட்டில் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள்!

ஆண்களுக்கு இன்னும் ஒன்று. உயிரணு உருவாக ஏறக்குறைய 3 மாதம் ஆகும். குடி, சிகரெட், பான்மசாலா, உலைச்சூட்டில் நாளெல்லாம் வேலை, ஜிம்மில் தசை ஏற்றப் போடும் ஊசி எல்லாமே அதைக் கெடுக்கும். இன்று விட்டாலும் பலன் தெரிய 3 மாதம் பொறுக்க வேண்டும். பெண்களுக்கு நீர்க்கட்டியும் தைராய்டும் சரிசெய்யக்கூடியவை. எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைந்தாலே பலருக்கு மாதச்சுற்று ஒழுங்குக்கு வருகிறது. ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதத்திலேயே, மருத்துவரிடம் போங்கள். இருவரும் போங்கள்.

நெடுஞ்சாலைப் பலகைகளில் சிரிக்கும் குழந்தைகளைப் பார்த்து, தாலிக்கொடியை அடகுவைத்துச் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் உண்டு. திருச்சபை அதை ஏற்பதில்லை. 1987இல் வெளிவந்த 'தோனும் வீத்தே' என்ற ஏடு காரணம் சொல்கிறது: குழந்தை கணவன் மனைவியின் அன்புறவில் பெறப்படும் கொடை, அதன் இடத்தை ஆய்வுக்கூடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அழிக்கப்படும் கருக்களும் மனித உயிர்களே. ஆனால் அடைபட்ட குழாயைத் திறக்கும் அறுவை, முட்டை வளர உதவும் மருந்து போல இயற்கைக்குக் கைகொடுக்கும் சிகிச்சைகளுக்குத் தடை இல்லை. ஏற்கெனவே அந்த வழியில் பிறந்த பிள்ளைகளும் கடவுளின் சாயலே. அவர்களுக்கு நான் மகிழ்ச்சியோடு திருமுழுக்கு அளித்திருக்கிறேன். அந்தப் பெற்றோர் கோயிலில் கூனிக் குறுகி நிற்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் பிள்ளை பிறக்காத வீடுகள் உண்டு. அவர்களிடம் நம்பிக்கை குறைவு என்று சொல்லும் வாயை ஆண்டவர் மன்னிப்பாராக. தத்தெடுக்க விரும்பினால் அரசின் சட்டப்படி பதிவு செய்து காத்திருங்கள். யாரோ ஒருவர் கைமாற்றித் தரும் குழந்தையை வாங்காதீர்கள். 'மலடி' என்ற சொல் இனி எந்தப் பங்கிலும் யார் வாயிலும் வர வேண்டாம்.

அந்தத் தம்பதியரைப் பற்றிச் சொல்கிறேன். மறு ஞாயிறே வேப்பமரத்தடிக்குப் போய் அந்தக் கணவரிடம் பேசினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழுதுவிட்டார். குறை தன்னிடம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் இத்தனை நாளும் அவரைத் தடுத்தது. பரிசோதனையில் விதைப்பையில் இரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நான் மாற்றலாகி வரும்வரை அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் புதன்கிழமை நவநாளில் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அவரும் முழந்தாளிட்டிருப்பார். மருந்துச் சீட்டு அவருடைய சட்டைப்பையில் இருக்கும்.

அவர்களுக்காகவும், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாத் தம்பதியருக்காகவும் மன்றாடுவோம். அன்னாவின் அழுகையைக் கேட்ட ஆண்டவரே, இவர்களையும் நினைவுகூர்ந்தருளும். ஆமென்.