அநாதைக் குழந்தைகளும் நமது இல்லங்களும்
(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அநாதைக் குழந்தைகளுக்கென ஒரு பெரிய விடுதி கட்டவேண்டுமென்னும் யோசனை இன்று சபைமுன் வந்திருக்கிறது. அதனைக் கொணர்ந்தாரது தரும சிந்தை போற்றத்தக்கதே. ஆயினும் கல்லும் சுண்ணாம்பும் சேகரிக்குமுன் ஒரு விஷயத்தை ஆலோசிக்கும்படி வேண்டுகிறோம்.

ருமேனியா தேசத்தில் 1989-இல் ஆட்சி மாறியபோது, லக்ஷத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரசினர் விடுதிகளில் இருக்கக் காணப்பட்டனர். பணிப்பெண்கள் முறைமாறி வந்து போயினர். அழுதால் எடுப்பாரில்லாமையால் அழுகையையே விட்ட சிசுக்களும் உண்டு. பின்னர், 2000-ஆம் ஆண்டையொட்டி, புகாரெஸ்ட் நகரில் அமெரிக்க அறிஞர் சிலர், விடுதிச் சிசுக்கள் 136 பேரில் பாதிப்பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டனர். குடும்பத்திற் சேர்ந்தவர் அறிவிலும், பிறரிடம் அன்புகொள்ளுந் திறத்திலும் விஞ்சினர். அவர்களுள்ளும், இரண்டு பிராயத்துக்கு முன் சேர்ந்தவரே மிகுந்த பயன் அடைந்தனர்.

நம் பாட்டிமார் இதனை ஆராய்ச்சியின்றியே அறிவர். தாயிழந்த பிள்ளையை அத்தையோ சிற்றன்னையோ மடியிலிட்டு வளர்ப்பது நமது வழக்கமன்றோ?

ஆஸ்திரியாவில் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் கிராம இயக்கத்தார், வீட்டுக்கு ஒரு தாய், ஓர் அடுக்களை, உடன்பிறந்தாரைப் பிரியாமை என ஏற்பாடு செய்தனர். நம் நாட்டிலும் அம்முறைக் கிராமங்கள் உள. எனினும் ஆஸ்திரியாவிலேயே அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுமை நேர்ந்ததென 2025-இல் முறையீடுகள் எழுந்தன. தாய் என்னும் பெயர் மாத்திரம் காவலாகாது. வெளியார் கண்ணும் வேண்டும்.

இனி, சொல்லாமல் விடத்தகாத ஒன்று. சேர்க்கப்படும் குழந்தை நம்மவர் குழந்தையாகவே இருத்தல் வேண்டுமென விதி எழுதச் சிலர் விரும்புகின்றனர். 1992-இல் தமிழ்நாட்டு அரசினர் ஏற்படுத்திய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், தொட்டிலில் விடப்பட்ட சிசுவின் குலத்தை யார் சொல்லவல்லார்? பாலுக்கு அழும் சிசுவிடம் கோத்திரம் கேட்க நமக்கு மனம் ஒப்பவில்லை. அவ்விதி வேண்டா.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் விடுதியைக் கடைசி வழியாகவே வைத்து, வளர்ப்புக் குடும்பத்துக்கு இடமளிக்கிறது. ஆனால் ஜில்லாக் குழந்தைகள் நலக் குழுவை அணுகாது, அநாதையாய்க் கண்ட குழந்தையை எவரும் தாமே எடுத்துச் செல்லலாகாது. இதனை நமது குடும்பத்தார் நன்கறிதல் அவசியம்.

ஆதலின், கட்டிட நிதியில் ஒரு பகுதியை, பாட்டிமாரிடம் வளரும் தாய்தந்தையற்ற பேரப்பிள்ளைகளின் சோற்றுக்கும் பள்ளிக்கும் மாதந்தோறும் கொடுக்கலாமென்றும், குழந்தை வளர்க்க இசையும் குடும்பத்தார் தம் பெயரைக் காரியதரிசியிடம் இன்றே பதியலாமென்றும் பிரேரேபிக்கிறோம்.