கப்பல் காத்திருக்காது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் அழைத்து, "வேலையில் நீ சாதித்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். சாதித்ததைப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் கோட்டை விட்ட ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். கப்பல் புறப்படுகிற அன்றைக்கே விமானத்தில் போய் இறங்கி ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டு, குடும்பத்தோடு கப்பலைத் தவறவிட்ட கதை இது. என்ஜினியரிங் படித்தவன் செய்யக்கூடாத தப்பு என்பதால்தான் இந்த மேடையில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சுத்துக்கேணி. அப்பா ரோடியர் மில்லில், அதாவது ஏ.எஃப்.டி. ஆலையில், வேலை பார்த்தவர். 1898இல் தொடங்கிய அந்த மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். அப்பா சைக்கிளிலேயே மில்லுக்குப் போவார். காலை ஷிஃப்ட் என்றால் கோழி கூவுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். "சங்கு ஊதும்போது நாம கேட்டுக்கு உள்ள இருக்கணும். வெளிய நின்னு மூச்சு வாங்கக் கூடாது" என்பது அவருடைய ஒரே தத்துவம். அரை மணி முன்னால் போய் மில் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், தூரத்தில் புள்ளியாகப் போகிற கப்பலைக் காட்டி, "அதுக்குள்ள எப்படிடா இருக்கும்?" என்று கேட்பார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல், விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக் கடல்வரை வந்தது. அரசு அனுமதி தராததால் யாரும் இறங்காமலே திரும்பிப் போனது. டி.வி.யில் அதைப் பார்த்த அம்மா, "வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிடுச்சு பாரு" என்றார்கள். அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலில் அப்பா, அம்மா, என் மனைவி, நான் என்று நாலு பேருக்கு இரண்டு அறை போட்டேன். நவம்பர் 30 நள்ளிரவுக்குச் சற்று முன் சென்னையில் விமானம். விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்கினால் மத்தியானம் கப்பல். கணக்கு கச்சிதம் என்று நினைத்தேன். அப்பா மட்டும் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு நாள் முன்னாடி போனா என்ன?" நான் சொன்னேன்: "அப்பா, ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை, சாப்பாடு, எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய். சும்மா தூங்குறதுக்கா?" அவர் மேற்கொண்டு பேசவில்லை.

பிறகு நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் காலையிலேயே காரில் கிளம்பி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக மழையோடு மழையாகத் தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம். "பார்த்தீங்களாப்பா, முன்னாடியே வந்தாச்சு" என்று பெருமை வேறு.

நண்பகலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். மாலை 7 மணி வரை என்றார்கள். 'நமக்கு ராத்திரிதானே' என்று தெம்பாக இருந்தேன். அப்புறம் மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்று நீட்டித்தார்கள். எங்கள் விமானம் ரத்து. மறுநாள் காலை 10 மணி விமானத்தில் இடம் தருவதாகச் செய்தி வந்தது.

இங்கேதான் நான் என்ஜினியர் என்பதை நிரூபித்தேன். "பத்து மணிக்குக் கிளம்பினா நாலேகால் மணி நேரம். ரெண்டேகாலுக்கு இறங்கிடுவோம். கப்பல் அஞ்சு மணிக்கு. தாராளமாப் போயிடலாம்!" என்று கூடத்தில் நின்று அறிவித்தேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் மனைவி மெதுவாக, "சிங்கப்பூர்ல மணி ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுமேங்க" என்றாள். அதாவது, நாங்கள் தரை இறங்கும்போது அங்கே 4.45. கப்பல் புறப்பட இன்னும் கால் மணி நேரம். ஆனால் ஏறும் வழியை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். கதை முடிந்தது.

அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து, கப்பலுக்கென்று வாங்கிய புதுப் புடவையை எடுத்து மடித்து அடியில் வைத்தார்கள். "கப்பல்தானேடா, இன்னொன்னு வராமலா போயிடும்" என்றார்கள். அப்பா ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். விமானக் கட்டணம் திரும்பி வந்தது, ரத்து செய்தது அவர்கள் என்பதால். கப்பல் கட்டணம் முழுதும் போயிற்று. அதில் கப்பல்காரர்கள் மேல் தப்பே இல்லை. கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டது, வராதது நாங்கள்தான். முப்பதாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்ச் சில லட்சம் தொலைந்தது. சென்னை விமான நிலையம் 29ஆம் தேதி இரவு திறந்துதான் இருந்தது என்பதை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

நண்பர்களே, "நாலு பேருக்காகக் கொஞ்சம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று நம் பஸ் பழக்கத்தில் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கப்பலை வெளியே எடுக்கத் துறைமுக வழிகாட்டி மாலுமி வரவேண்டும், இழுவைப் படகு வேண்டும். அந்த நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. அடுத்த துறைமுகத்திலும் அப்படியே. பயணிகள் பட்டியலைப் புறப்படும் முன்பே அதிகாரிகளிடம் கொடுத்துவிட வேண்டும்.

எரிபொருளைப் பாருங்கள். கப்பலின் வேகம் கூடினால், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படியாகக் கூடும். நம் திரவ இயக்கவியல் பாடம்தான். உதாரணத்துக்கு, 18 நாட் வேகத்தில் 18 மணி நேரம் போகவேண்டிய கப்பல் ஒரு மணி நேரம் தாமதித்தால், அதே தூரத்தை 17 மணியில் கடக்கச் சுமார் 19 நாட் வேகம் வேண்டும். ஒரே ஒரு நாட்தான் அதிகம். ஆனால் சக்தி 19 சதவீதம் கூடும். நேரம் குறைவதைக் கழித்தாலும் மொத்த எரிபொருள் 12 சதவீதம் அதிகம். நமக்காக ஒரு மணி நேரம் நின்றால் அவர்கள் எரிக்க வேண்டியது அவ்வளவு.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே சாவோ தோமே தீவில் நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். சுற்றிப் பார்க்கத் தனியாகப் போன எட்டுப் பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். 'நார்வீஜியன் டான்' கப்பல் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு நாடாகத் தாண்டி காம்பியாவில் பிடிக்கப் போனார்கள். கடல் நீர் வற்றியிருந்ததால் கப்பல் அங்கே கரைக்கு வரவே இல்லை. கடைசியில் செனகல் நாட்டு டக்கார் துறைமுகத்தில்தான் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். 'அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்று சொல்வது எளிது. அங்கே போக விமானம், அந்த நாட்டின் நுழைவு அனுமதி, கப்பல் நிறுவனத்தின் சம்மதம் மூன்றும் வேண்டும்.

இப்போது மாணவத் தம்பி தங்கைகளுக்காக ஒரு சின்னக் கணக்கு. வீட்டிலிருந்து கப்பல் வரை ஐந்து கண்ணிகள்: சாலை, விமானம், குடிநுழைவுச் சோதனை, பெட்டி வந்து சேர்வது, துறைமுகத்துக்கு டாக்சி. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 தடவை ஒழுங்காக நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஐந்தையும் பெருக்கினால் 77தான் வரும். கிட்டத்தட்ட நாலு தடவைக்கு ஒரு தடவை தவறும்! இந்த எண்கள் என் அனுமானம்தான். பெருக்கல் அனுமானம் அல்ல. அதிலும் புயல் வந்தால் ஒரு கண்ணி மட்டும் அறாது. சாலை, விமானம், டாக்சி என்று எல்லாம் ஒரே நேரத்தில் அறும்.

எஃகு உத்தரத்தை வடிவமைக்கும்போது 1.67 பாதுகாப்புக் காரணி வைத்தோம். ஆட்களை ஏற்றும் லிஃப்ட் கயிற்றுக்குப் பத்து மடங்கு வரை வைக்கிறோம். அதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. ஆனால் சொந்தப் பயணத்துக்கு நான் வைத்த காரணி 1.0. இதே கல்லூரியில் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால், எங்கள் பேராசிரியர் விடைத்தாளைத் தூக்கி எறிந்திருப்பார்.

'புயல் தினமும் வருமா?' என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் மறுநாள் காலை வரை மூடினார்கள். 2025 டிசம்பரில் புயலே இல்லை. விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு இண்டிகோ நிறுவனம் ஆட்களைத் தயாராக வைத்திருக்காததால், டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் நாடு முழுதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. காரணம் மாறும், டிசம்பர் மாறவில்லை.

ஆகவே, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளே அந்த ஊரில் இருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமானால் இரண்டு நாள். ஓட்டல் வாடகையைக் கப்பல் கட்டணத்தின் ஒரு பகுதி என்றே எண்ணுங்கள். நேரத்தை அந்த ஊர் மணியில் எழுதுங்கள். சிங்கப்பூரில் ஏறி, வேறு நாடு போய், மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குவதானால் பலமுறை நுழையும் விசா வேண்டும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுப்பதானால் டிக்கெட் போட்ட அன்றே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்துப் பயன் இல்லை. திரும்பும்போதும் இறங்குகிற அன்று காலையிலேயே விமானம் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. புயல் ஓய்ந்து, வீடூர் அணை திறந்து சங்கராபரணியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சுத்துக்கேணிக்குத் திரும்பினோம். அடுத்த வருஷம் காசு சேர்த்து மறுபடி போனோம். இந்தத் தடவை டிக்கெட் தேதியை அப்பாவிடமே விட்டுவிட்டேன். முந்தின நாளே சிங்கப்பூர் போய், நிம்மதியாகத் தூங்கி, இட்லிக் கடை தேடிக் கண்டுபிடித்துச் சாப்பிட்டோம். மறுநாள் துறைமுகக் கட்டடத்தில் வரிசை தொடங்குவதற்கு முன்பே அப்பா பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் மேல்தளத்தில் நாங்கள் நாலு பேரும் நின்றபோது கப்பல் சங்கு ஊதியது. அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியான நேரம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்போதே கப்பல் பயணம் வராமல் போகலாம். ஆனால் நேர்முகத் தேர்வு வரும், பரீட்சை வரும், விசா தேதி வரும். 'காலை பஸ்ஸைப் பிடித்தால் சரியாகப் போய்விடலாம்' என்ற எண்ணம் வரும்போது, அந்தச் 'சரியாக' என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள். கேட்டுக்கு வெளியே நிற்பவன் எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் வெளியேதான் நிற்கவேண்டும்.