கால் மில்லிமீட்டர்



போன மாதம் மந்தைவெளியில் இருக்கும் என் பணிமனைக்கு ஒரு மாருதி வேகன் ஆர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. "ஏம்பா, நேத்திக்குத்தானே பஞ்சர் போட்டேன். இன்னிக்கு முன்னாடி சக்கரத்துல டக்கு டக்குன்னு சத்தம் வர்றதே!" என்றார். குனிந்து பார்த்தேன். நான்கு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. நான்காவது இடத்தில் ஸ்டட் பாதியில் முறிந்திருந்தது. மீதி மூன்று நட்டும் கையாலேயே சுழன்றன. அந்தச் சக்கரத்தோடுதான் அவர் அடையாறு திரு.வி.க. பாலத்தைக் கடந்து வந்திருக்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஸ்டட் என்பது, சக்கரம் பொருந்தும் ஹப்பின் பின்பக்கமாக நுழைந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மரை போட்ட எஃகுத் தண்டு. அதன் தலைக்குக் கீழே நெடுக்காகப் பல் வெட்டியிருப்பார்கள். அந்தப் பல் ஹப்பின் துளையைக் கடித்துக்கொள்வதால்தான், நட்டை முறுக்கும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றுவதில்லை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் இதைத் தேட வேண்டாம். அவற்றில் போல்ட்டே நேராக ஹப்புக்குள் போய்விடும்.

வண்டியின் பாரம் முழுவதும் இந்தத் தண்டுகள்மேல் உட்கார்ந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்க முறுக்க ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் பிறக்கும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் அந்தப் பிடி போய்விடும். பிறகு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பீர்கள் அல்லவா, அதே மாதிரி ஒருநாள் அது ஒடியும்.

அந்த அம்மாவின் ஸ்டட் ஏன் ஒடிந்தது? முறிந்த துண்டில் மாட்டியிருந்த நட்டைச் சாலையோரம் யாரோ எடுத்து அவரிடமே கொடுத்திருந்தார்கள். கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். பார்த்ததுமே விளங்கிவிட்டது. அது மாருதி நட்டே இல்லை.

இங்கேதான், நேயர்களே, கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தது மரைதான். கிண்டி ஐ.டி.ஐ.யில் படித்த நாளில் எங்கள் வாத்தியார் கண்ணை மூடச் சொல்லி, கையில் ஒரு போல்ட்டைக் கொடுப்பார். "நகத்தால எண்ணுடா" என்பார். பத்து மரை எவ்வளவு தூரத்தில் முடிகிறது என்று விரல் சொல்ல வேண்டும். மாருதி சுசூகி ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களிலும் விட்டம் பொதுவாக அதே 12தான். ஆனால் மரையின் இடைவெளி 1.5. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பத்து மரைக்கு ஒன்றில் 12.5, மற்றதில் 15. இரண்டு நட்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். விரல்தான் பிரித்துச் சொல்லும்.

மாறிப்போன நட்டை ஸ்டட்டில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று சாதுவாகப் போகும். பிறகு இறுகும். கையால் போடுகிறவன் அங்கேயே நிறுத்தி, 'இது இதோட ஜோடி இல்லை' என்று கழற்றிவிடுவான். ஏர் கன் நிறுத்தாது. கடகடவென்று மரையை அரைத்துக்கொண்டே உள்ளே போகும். நட்டு மரையில் சிக்கி இறுகியிருக்கும். சக்கரத்தைத் தொட்டு அழுத்தியே இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் டைட்டாக இருப்பது போலத்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். பஞ்சர் போட்ட இடத்தில் ஒரு நட்டு உருண்டு எங்கோ போயிருக்கிறது, டப்பாவில் கிடந்ததை எடுத்து மாட்டிவிட்டார்கள்.

சரிசெய்த கதைக்கு வருகிறேன். பிரேக் காலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டு, டிஸ்க்கை எடுத்து, முறிந்த ஸ்டட்டைச் சுத்தியலால் பின்பக்கம் தட்டினோம். ஹப்பைத் தாங்கும் பேரிங் அடி வாங்காமல் தட்ட வேண்டும். என்னிடம் வேலை பழகும் பையனுக்கு அதற்கே அரைமணி நேரம் பாடம் நடந்தது. புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, பல்லைப் பழைய தடத்தில் பொருத்தி, முன்னால் நான்கைந்து வாஷர் அடுக்கி, ஒரு பழைய நட்டைத் தட்டையான பக்கம் உள்ளே பார்க்கத் திருப்பிப் போட்டு, மெதுவாக இழுத்து உட்காரவைத்தோம். பின்னால் அதன் தலை ஹப்போடு ஒட்டி உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற மூன்று ஸ்டட்டையும் மாற்றிவிட்டோம். ஒன்று ஒடிந்த பிறகு மற்றவை சுமந்த பாடு நமக்குத் தெரியாது.

இப்போது முறுக்கு. பல மாருதி வண்டிகளுக்கு 85 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 28 கிலோ எடையை வைத்தால் வரும் முறுக்கு அது. 70 கிலோ ஆள் அதே ஸ்பேனர்மேல் ஏறி நின்றால் 200ஐத் தாண்டிவிடும்! தி.நகர் உஸ்மான் சாலையில் வண்டியை ஓரம்கட்டி ஸ்பேனர்மேல் ஏறி மிதிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தடுக்கத் தோன்றும். ஸ்டட் ஓரளவுக்குத்தான் நீண்டு திரும்பும். அதைத் தாண்டினால் திரும்பாது.

இங்கே ஒரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், வீல்ஸ் இந்தியா இரண்டும் நம் சென்னையின் பாடியில் இருக்கின்றன. நட்டு போல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் பெயர்பெற்ற ஊர்க்காரர்கள் நாம். நமக்குத் தப்பான நட்டு தேவையில்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலாய் வீல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹோண்டாவின் நட்டு உட்காரும் இடம் பந்துபோல உருண்டிருக்கும். வெளியில் விற்கும் பல அலாய்களில் அது கூம்பு. உருண்டை நட்டு கூம்பில் ஓரத்தை மட்டுமே தொடும், அதனால் தளரும். வீலோடு அதற்குரிய நட்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஹப்பையும் அதன் பேரிங்கையும் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் மூழ்கிக் கிடந்த கார்கள் மாதக்கணக்கில் என்னிடம் வந்தன. தண்ணீர் புகுந்து பேரிங் கிரீஸ் பால் நிறமாகியிருந்தது. அறுபதில் போகும்போது வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் எழுந்து, வளைவில் கூடிக் குறைந்தால் அது பேரிங்தான். தள்ளிப்போடாதீர்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். அடுத்த முறை பஞ்சர் கடையில் தயவுசெய்து வண்டியை விட்டு இறங்கி நில்லுங்கள். "தம்பி, முதல் மூணு சுத்து கையால போடுப்பா, எதிரெதிரா முறுக்குப்பா" என்று கேளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அந்த அம்மா மறுவாரமே வந்து, ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, நான்கு நட்டையும் தானே சரிபார்த்துவிட்டுப் போனார்.