கிரேத்தா ஆயரில் ஒருநாள்: பள்ளியும் சந்தையும்



ஓர் ஊரின் மொழிநிலையை அறிய விழைவோர், அவ்வூர் மக்கள் காலையில் காப்பி அருந்தும் இடத்தில் அமர்ந்து செவிகொடுத்தல் வேண்டும். மொழியியல் பயின்ற நாம் சிங்கப்பூரின் சீனர் வட்டாரத்தை அவ்வாறே அறிந்தோம். சுற்றுலாப் பயணியர் அங்கு விளக்குத் தோரணங்களைக் கண்டு மீள்வர். அவ்வட்டாரத்து மனிதரைப் போல ஒருநாள் கழிப்போர்க்கோ மொழிகளின் வாழ்வும் தேய்வும் புலப்படும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். மலாய்மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்பது நீர்வண்டியைக் குறிக்கும். சீனப் பெயரும் மாட்டுவண்டி நீர் என்றே பொருள்படும். முற்காலத்தில் கிணற்று நீரை மாட்டுவண்டிகளில் ஏற்றிவந்த செய்தியை இவ்விரு பெயர்களும் காத்து வருகின்றன. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் சீனமொழி அப்பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றது. தமிழில் அது 'சைனாடவுன்' என ஆங்கில ஒலியின் எழுத்துப்பெயர்ப்பாக உள்ளது. பலகையில் தமிழுக்கு இடம் கிடைத்துள்ளது; இடத்தின் வரலாறு அத்தமிழில் இல்லை.

காலையில் ஸ்மித் ஸ்திரீட்டில் உள்ள ஈரச்சந்தைக்குச் செல்வோம். தெருவோர வணிகர்க்கென 1983இல் அமைக்கப்பட்ட அக்கட்டடத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட உணவுக்கடைகள் உள்ளன. மீன் வாங்கும் மூதாட்டியர் கான்டனீஸ் மொழியில் பேரம் பேசுவர். காப்பிக்கடையில் ஒருவர் 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்பார். 'ஓ' என்பது கறுப்பு எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல். 'கோசோங்' என்பது வெறுமை எனப் பொருள்படும் மலாய்ச் சொல். பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி வந்துவிடும். இலக்கணம் கற்பிப்பார் எவருமின்றி மக்கள் தம் தேவைக்கு ஆக்கிய வழக்கு இது. கடையைக் குறிக்கும் 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல் நம் 'கடை' என்பதன் வழிவந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்வோம்.

நண்பகலில் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வருவோம். அங்கே 1827இல் நாராயண பிள்ளையால் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் நிற்கின்றது. அதன் அருகே சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல் உள்ளது. பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட் என்னும் பெயர்கள் இவ்விரு வழிபாட்டிடங்களால் அமைந்தவை. சீனர் வட்டாரத்தின் தெருப்பெயர்களிலேயே தமிழர் வாழ்வின் தடம் பதிந்துள்ளது. ஆகவே, அங்கு நடக்கும் தமிழ் மாணவர் அயலார் அல்லர்.

மாலையில் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் முதியோர் சீனச் சதுரங்கம் ஆடுவர். தம்முள் வட்டாரமொழியில் உரையாடும் அவர்கள், பேரப்பிள்ளைகளிடம் மாண்டரினிலோ ஆங்கிலத்திலோ பேசுவதைக் கேட்கலாம். மாண்டரின் பேசும் இயக்கம் 1979இல் தொடங்கியது. பள்ளியும் வானொலியும் தொலைக்காட்சியும் மாண்டரினின் பக்கம் நின்றன. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சீன வட்டாரமொழிகளை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 8.7 விழுக்காட்டினரே. பள்ளியின் துணையற்ற மொழிகள் சந்தையிலும் சதுக்கத்திலும் முதியோர் நாவில் எஞ்சியுள்ளன.

தமிழின் நிலை இதற்கு நேர்மாறானது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் பாடம், தேர்வில் தாள். ஆயினும் அதே கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசும் இந்தியர் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர். கான்டனீசுக்குச் சந்தை உண்டு, பள்ளி இல்லை. தமிழுக்குப் பள்ளி உண்டு, சந்தை சுருங்கி வருகின்றது. ஒற்றைக்காலில் நிற்கும் எம்மொழியும் நெடுநாள் நிற்றல் அரிது. பள்ளி ஒரு மொழியைத் தலைமுறைதோறும் கற்பிக்கலாம். அம்மொழியில் பசியையும் பேரத்தையும் கேலியையும் சொல்லும் பழக்கத்தை வீடும் வீதியுமே தரும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். உங்கள் மாணவரை ஒருநாள் கிரேத்தா ஆயருக்கு அழைத்துச் செல்லுங்கள். வவ்வால் மீனையும் கொடுவா மீனையும் காட்டித் தமிழில் பெயர் கேளுங்கள். 'கூட்டுறவு', 'ஒருமைப்பாடு' என்னும் சொற்களைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலர் இங்குத் தயங்குவர். அத்தயக்கமே அன்றைய பாடத்தின் தொடக்கம் ஆகட்டும். கேட்ட பிறமொழிச் சொற்களை அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். கண்டவற்றைத் தம்முள் தமிழிலேயே பேசிக்கொள்ளட்டும். மதிப்பெண் வேண்டா.

மாணவச் செல்வங்களே, அங்குள்ள முதியோர் தம் மொழியைப் பேச எவர் இசைவையும் கேட்பதில்லை; வெட்குவதும் இல்லை. அத்துணிவை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ரயிலில் திரும்பும்போது உங்கள் உரையாடல் தமிழிலேயே தொடருமாயின், அந்நாள் பயனுடைய நாளாகும்.